முன்னிருக்கையின் மணி

1

இதில் வரும் இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அக்கா, "எழுது, ஆனா எனக்காகப் பரிதாபப்பட்டு எழுதாத" என்றாள். அக்காவின் மகன் கெவின், "என்னை நல்லவனா காட்டாதீங்க மாமா" என்றான். இரண்டையும் காப்பாற்ற முடிகிறதா, பார்க்கலாம்.

மெல்பர்னில் என் மகள் செலின் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இங்கே இருபத்தொரு வயது ஆகாதவர்கள் ஓட்டுநர் தேர்வுக்குப் போவதற்கு முன்னால் நூற்றிருபது மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் முழு உரிமம் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். ஒவ்வொரு முறை ஓட்டியதையும் பதிவேட்டில் எழுத வேண்டும்: தேதி, புறப்பட்ட நேரம், வண்டியை நிறுத்திய நேரம், கிலோமீட்டர், சாலை உலர்ந்ததா ஈரமா, போக்குவரத்து எப்படி. வரிக்கு வரி கையெழுத்து. எல்லாம் முடிந்த பிறகு, இதில் உள்ளவை உண்மையே என்று இருவரும் தனியாக ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பொய் எழுதினால் தண்டனை உண்டு என்று கீழே அச்சிட்டிருக்கிறார்கள்.

வேறு அப்பாக்கள் இந்தப் பதிவேட்டைச் சபிக்கிறார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. பதினாறு வயதிலிருந்து டைரி எழுதுபவன் நான். மழை பெய்த நாள், அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட நாள், சாந்தோமில் எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து எந்தக் குடும்பம் எந்த மாதம் எந்த நாட்டுக்குப் போனது என்பதெல்லாம் என்னிடம் இருக்கிறது. இங்கே ஒரு நூலகத்தில் வேலை. வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்கிறேன் என்று செலின் கேலி செய்வாள்.

போன அக்டோபரின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம், இலங்கைக்காரர் கடையில் அரிசி வாங்கிக்கொண்டு திரும்பினோம். செலின் ஓட்டினாள். பின் இருக்கையில் பத்துக் கிலோ மூட்டை. எங்கள் காரில் பின் இருக்கைக்கும் மணி உண்டு. யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று மூட்டையை நினைத்துக்கொண்டு கீ கீ என்று அடிக்க ஆரம்பித்தது.

நான் யோசிக்காமல் சொன்னேன்: "நம்ம ஊரா இருந்தா இதுக்கு ஒரு கிளிப் இருக்கு. பெல்ட் மாட்டற எடத்துல சொருகிட்டா சத்தமே வராது."

செலின் கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், ஓரமாக நிறுத்தினாள். எல்லாம் பதிவேட்டில் சொல்லியிருக்கும் முறைப்படி.

"அலாரத்த ஏமாத்தறதுக்கு ஒரு பொருள் விக்கறாங்களா?"

"ஆமாம்மா. எல்லாரும் வாங்கறதுதான்."

"அத்தை கார்ல அது இருந்துச்சா?"

மணி இரண்டு பத்து ஆகிறது, கிளம்பு என்றேன். அவள் கிளம்பவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"நான் ஸ்டியரிங்ல கை வைக்கறப்பல்லாம் 'கெவின் மாதிரி ஓட்டாத'ன்னு சொல்வீங்கல்ல அப்பா. அதான் கேக்கறேன். இருந்துச்சா?"

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் இதே மூன்றாவது ஞாயிறன்றுதான் அக்காவின் அந்த விபத்து நடந்தது. எனக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியாது.

2

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது மந்தைவெளியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில். பத்து வகுப்பு. கிளட்ச்சும் பிரேக்கும் வாத்தியார் பக்கமும் இருந்தன. லஸ் முனையில் நான்தான் ஓட்டுகிறேன் என்று பூரித்துப்போயிருந்த நாட்களில் உண்மையில் ஓட்டியது அவர் கால். தேர்வன்று அதிகாரி கையை நீட்டி, அந்த மரம் வரை போய்த் திரும்பு என்றார். போய்த் திரும்பினேன். உரிமம் வந்தது.

அந்தத் தெம்பில் மெல்பர்ன் வந்து தேர்வுக்குப் போனேன். நின்றிருந்த வேன் ஒன்றைத் தாண்டும்போது, நம் ஊர் மரியாதைப்படி, மெல்ல ஒரு ஹாரன் அடித்தேன். அதிகாரி பெண்மணி திடுக்கிட்டு, "ஏன் அடித்தாய்?" என்று கேட்டார். "நான் வருகிறேன் என்று சொல்ல" என்றேன். "யாரிடம்?" என்றார். வேனுக்குள் யாருமில்லை. இரண்டாம் முறை வேறொரு காரணம். மூன்றாம் முறைதான் தேறினேன். மூன்றின் தேதிகளும் டைரியில் இருக்கின்றன.

அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக இங்கே ஒழுங்காக ஓட்டுகிறேன். பெல்ட் போடாமல் வண்டியைக் கிளப்பியதில்லை. ஆனால் சென்னை விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்து வாடகைக் காரில் ஏறியதும், பின் இருக்கையில் சாய்ந்து காலை நீட்டிவிடுவேன். பெல்ட் எங்கே இருக்கிறது என்று தேடியதுகூட இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் பலரும் இப்படித்தான். ஊர் வந்ததும் அந்த ஊர்க்காரனாகிவிட வேண்டும் என்று ஓர் ஆசை. ஊர் நம்மிடம் அதைக் கேட்பதில்லை. நாமாகவே கொடுக்கிறோம், அதுவும் விட்டுக்கொடுக்கக் கூடாததை.

3

என் அக்கா பிலோமினா சாந்தோமில் பள்ளி ஆசிரியை. அவள் கணவர் தவறிய பிறகு அந்த வீட்டில் அவளும் கெவினும் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் அக்காதான் வாசிப்பாள். மைக் சரியில்லாத நாட்களில்கூடக் கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல்.

கெவினுக்கு இருபத்திரண்டு வயதில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வேலை கிடைத்தது. உரிமம் கையில் வந்து ஆறு வாரம். கார் வாங்குவது என்று முடிவானபோது நான் ஜூலை விடுப்பில் மூன்று வாரம் அங்கே இருந்தேன். அக்கா, சாதாரணமாக ஒரு வண்டி போதும் என்றாள். கெவின் ஒரு சின்ன டர்போ வண்டியை போனில் காட்டினான். பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். காலை வைத்தால் பாயும். ஆட்டோமேட்டிக் வேறு.

"மெட்ராஸ்ல எங்கடா பறக்கப் போற? லஸ்ஸுல நாலு சிக்னல்" என்றாள் அக்கா.

"பையன் ஆசப்படறான், வாங்கிக் குடுக்கா" என்றேன் நான். மெல்பர்னில் புதிதாக உரிமம் பெற்றவர்கள் முதல் சில வருடங்களுக்கு வேகம் கூடிய வண்டிகளை ஓட்டக் கூடாது என்று சட்டமே உண்டு. அது எனக்குத் தெரியும். அன்று அந்தக் கூடத்தில் அதைத் தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தான். சொல்லவில்லை.

வண்டி எடுத்த அன்று ஷோரூம்காரர் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். "சார், நீங்க கிறிஸ்டியன்னு சொன்னாங்க. எடுத்துரட்டா?" என்று தயங்கினார்.

"இருக்கட்டும், எலுமிச்சம்பழத்துக்கு என்ன ஞானஸ்நானமா குடுத்திருக்கு" என்றாள் அக்கா. பழங்களை நசுக்கிவிட்டு நேரே கோயிலுக்குப் போனோம். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். முன் கண்ணாடி, நான்கு கதவு, எஞ்சின் மூடி எல்லாவற்றிலும். காப்பதற்கு என்று எங்களுக்குத் தெரிந்த அத்தனையும் செய்தோம்.

பெல்ட்தான் அக்காவுக்கு ஒத்துவரவில்லை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை; பூசைக்குப் போய் இறங்கும்போது மார்பில் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்திருக்கும். "வாசகம் படிக்கப் போறவ கசங்கிப் போய் நிக்கறதா?" என்பாள். போடாவிட்டால் மணி அடிக்கும். கெவின் வண்டியை எடுக்க மாட்டான். "போடும்மா. போட்டாதான் கெளம்புவேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தினமும் இதே ரகளை. எனக்கு அந்தச் சத்தம் தலைவலியாக இருந்தது.

கார் உதிரிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் ஜி.பி. ரோட்டுக்கு மிதியடி வாங்கப் போனோம், நானும் கெவினும். கடைக்காரரிடம் மணியைப் பற்றிச் சொன்னேன்.

"கீ கீன்னு கத்திக்கினே கீதா சார்? இத்த சொருவு, கப்சிப். எல்லா வண்டிக்கும் இதான் போய்க்கினு கீது." பெல்ட்டின் நாக்கு மாதிரியே ஓர் இரும்புத் துண்டு. ஜோடியாகத்தான் கொடுப்பாராம்.

"வேணாம் மாமா, அது கத்தட்டும். கத்தினாதான் அம்மா போடுவாங்க" என்றான் கெவின்.

"அடேய், இருபது வருஷமா வெளிநாட்டுல ஓட்டறேன். எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

கடைக்காரர் சிரித்தார். கெவின் சிரிக்கவில்லை. வண்டிக்குத் திரும்பியதும் இடதுபக்க முன்னிருக்கையில் நானே சொருகினேன். டக் என்று உட்கார்ந்தது.

அக்காவிடம் கிளிப் என்று சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாள். "ஷோரூம்ல சொல்லி அந்தச் சத்தத்த சரிபண்ணிட்டேன்கா" என்றேன். அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், பெல்ட் போடச் சொன்ன கெவினிடம் அன்றைக்கே, "கம்பெனிக்காரனே வேணாம்னு விட்டுட்டான், நீ யாருடா?" என்று கேட்டாள். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கெவின் என்னைப் பார்த்தான். நான் டம்ளரைப் பார்த்தேன்.

4

அதே வருடம் அக்டோபரில் நடந்ததைப் பிறகு பலரிடமும் கேட்டுத் தொகுத்தேன். கெவின் சொன்னதை மட்டும் அப்போது முழுதாகக் கேட்கவில்லை.

பூசை முடிந்து, மீன் வாங்குவதற்காக லூப் ரோடு வழியாகப் பட்டினப்பாக்கம் பக்கம் போயிருக்கிறார்கள். கடலோரமாகப் போகும் சாலை. ஞாயிறு காலையில் மீன் வாங்க வருபவர்கள், ஆட்டோக்கள், ஐஸ் பெட்டி தள்ளுபவர்கள் எல்லாரும் அதில்தான். முன்னால் மெதுவாகப் போன ஓர் ஆட்டோவைத் தாண்டுவதற்காகக் கெவின் காலை அழுத்தினான். வண்டி அவன் எண்ணியதைவிட வேகமாகப் பாய்ந்தது. எதிரே ஐஸ் பெட்டி வைத்த தள்ளுவண்டி. பயந்துபோனான். பயத்தில், டிரைவிங் ஸ்கூலில் பழகியபடி, இடது கால் கிளட்ச்சைத் தேடி முழுப் பலத்தோடு இறங்கியது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் கிடையாது. அந்த இடத்தில் இருப்பது அகலமான பிரேக்.

வண்டி சுவரில் மோதியதுபோல நின்றது. ஆனால் எதிலும் மோதவில்லை. தள்ளுவண்டிக்கு இன்னும் ஒரு கார் நீளம் இடம் இருந்தது. ஐஸ்கூடச் சிந்தவில்லை. ஏர்பேக் விரியவில்லை, அதற்குத் தெரிய, மோதல் என்று ஒன்று நடக்கவேயில்லை. கெவின் பெல்ட் போட்டிருந்தான், அவனுக்குக் கீறல்கூட இல்லை. அக்கா முன்னால் எறியப்பட்டாள். இடது கன்ன எலும்பும் கண்குழியும் டேஷ்போர்டின் விளிம்பில்.

மீன் விற்கும் அம்மா ஒருவர் ஓடிவந்து கதவைத் திறந்திருக்கிறார். அவர் கேட்டதைக் கெவின் எனக்குச் சொன்னது மிகப் பிற்பாடு. "இன்னா நைனா இது, வண்டி எதுலயும் முட்டவே இல்ல. அம்மாக்கு எப்டி இவ்ளோ ரத்தம்?"

இடது கண்ணில் பார்வை போய்விட்டது. மற்றக் கண்ணும் கொஞ்ச நேரம் படித்தாலே நீர் கோத்துக்கொள்ளும், தலை சுற்றும். பள்ளியை விட்டாள். வாசகத்தையும் விட்டாள். ஒருமுறை முயன்றிருக்கிறாள். நடுவில் வரி தவறிப் போய், கோயில் முழுக்கக் காத்திருக்க, மன்னிக்கணும் என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

அந்த ஞாயிறு என் டைரியில் ஒரே வரி: "கெவின் அஜாக்கிரதையாக ஓட்டியதில் அக்காவுக்குக் கண்ணில் பலத்த காயம்."

எழுதும்போது எனக்குக் கிளிப் ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது.

5

பிறகு வந்த மூன்று வருடங்களில் அக்காவிடம் பேசும்போதெல்லாம் அவள் மகனை "அவன்" என்றுதான் சொன்னாள். "அவன் ஆபீஸ் போயிருக்கான்." "அவன் மிதிச்ச மிதி, இன்னிக்கும் தலைய திருப்பினா சுத்துது." வண்டியை விற்றாயிற்று. கெவின் அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பஸ்ஸில் வேலைக்குப் போகிறான். காலையும் மாலையும் அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறான். அந்த நேரத்தில் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று, அவர்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கிவந்த என் மனைவி சொன்னாள். "சாப்பாடு மேஜைல இருக்கு" என்று அக்கா சுவரைப் பார்த்துச் சொல்வாளாம்.

நான் ஒவ்வொரு முறையும், "விடுக்கா, சின்னப் பையன். வேகமான வண்டி, அனுபவம் போதல" என்று அவனுக்காகப் பரிந்து பேசுவேன். மூன்று வருடம் அப்படிப் பேசினேன். பெரிய மனதுக்காரன் என்று அக்கா என்னை மெச்சினாள்.

போன அக்டோபர் ஞாயிறுக்கு வருகிறேன். வீடு திரும்பியதும் செலின் பதிவேட்டை என் முன் வைத்தாள். பேனாவையும் வைத்தாள். புறப்பட்ட நேரம், நின்ற நேரம், உலர்ந்த சாலை, எல்லாம் அவள் கையெழுத்தில் சரியாக இருந்தது. வழியில் ஒன்பது நிமிடம் நிறுத்தியிருந்ததைக்கூடக் கழித்திருந்தாள். என் கையெழுத்துக்கான கட்டம் மட்டும் காலி.

"உண்மையா எழுதியிருக்கேன் அப்பா. போடுங்க" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

மாடிக்குப் போய் அந்த வருடத்து டைரியை எடுத்தேன். ஜூலைப் பக்கம் உடனே கிடைத்தது. நான் எதையும் தொலைப்பதில்லை.

சென்னையில் அப்போது காலை ஒன்பதரை. கெவினைக் கூப்பிட்டேன். பின்னால் காற்றும் கூட்டமும் கேட்டன.

"எங்கடா இருக்க?"

"லூப் ரோட்லதான் மாமா. மீன் வாங்க வந்தேன்." யாரோ பெண்குரல், "வெட்டவா முழுசா குடுக்கவாப்பா?" என்றது. "வெட்டிடுங்கக்கா, தல தனியா" என்றான். "சொல்லுங்க மாமா."

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அந்தக் கிளிப்..." என்றேன்.

"என்கிட்டதான் இருக்கு. ஆபீஸ் பேக்ல."

"உன்கிட்டயா?"

"அன்னிக்கு அம்மாவ ஆட்டோல ஏத்தறதுக்கு முன்னாடி புடுங்கி சட்டப் பையில போட்டுக்கிட்டேன். இன்ஷூரன்ஸ்காரங்க வண்டிய பாப்பாங்கன்னு."

"உன்னைக் காப்பாத்திக்கறதுக்காகவா?"

"இல்ல மாமா. நீங்க வச்சதுன்னு தெரிஞ்சா அம்மா உங்ககிட்ட பேசவே மாட்டாங்க. அப்பாவும் இல்ல, அவங்களுக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். என்ன திட்டிட்டு நாலு மாசத்துல விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்." சிரித்தான். "கணக்கு தப்பாயிடுச்சு."

"ஏன்டா இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

மீன்காரப் பெண்மணி பையை நீட்டினார் போலிருக்கிறது, நன்றி சொன்னான். நான், இப்போதே அக்காவைக் கூப்பிடப்போகிறேன் என்றேன்.

"இப்ப வேணாம். நான் வீட்டுக்குப் போயிடறேன். தனியா இருக்கறப்ப கேட்டா அவங்களுக்குத் தல சுத்தும். இருபது நிமிஷம் குடுங்க."

6

இருபத்தைந்து நிமிடம் கொடுத்தேன்.

அக்கா எடுத்ததும் அரிசி விலையைப் பற்றி ஆரம்பித்தாள். இடைமறித்துச் சொன்னேன். ஜி.பி. ரோடு, கடைக்காரர், கெவின் வேண்டாம் என்றது, நான் அவனை மட்டம் தட்டியது, ஷோரூம் என்று பொய் சொன்னது. வரிசையாகச் சொன்னேன். வரிசையாகச் சொல்வது ஒன்றுதான் எனக்கு வரும்.

"மூணு வருஷம்டா" என்றாள்.

"ஆமாக்கா."

"கம்பெனில சரிபண்ணிட்டாங்கன்னு சொன்னியே. அத வச்சு நான் அவன எவ்ளோ பேசியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும். பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"சின்ன வயசுலேருந்து தும்மினாக்கூட எழுதி வப்பியே. இத எழுதினியா?"

"எழுதியிருக்கேன்."

"படி."

டைரி கையில்தான் இருந்தது. படித்தேன்: "ஜி.பி. ரோட்டில் மிதியடி, ஒரு ஜோடி கிளிப். முன்னிருக்கை மணி ஓய்ந்தது. அக்காவுக்கு நிம்மதி."

"அந்த ஞாயித்துக்கிழமை என்ன எழுதின?"

அதையும் படித்தேன். முழுவதுமாக, "அஜாக்கிரதையாக" என்ற சொல்லையும் சேர்த்து.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். போனை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. துண்டிக்கவில்லை. துண்டிக்கும் பொத்தான் அந்தக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்று கெவின் ஒருமுறை சொல்லியிருக்கிறான். மின்விசிறி சுற்றுவது கேட்டது. சமையலறைப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு அக்காவின் குரல். கடைசி பெஞ்சு வரை கேட்குமே, அந்தக் குரல்.

"கெவினு."

தண்ணீர் நின்றது.

"மீன அப்புறம் கழுவிக்கலாம். இங்க வாடா. வந்து என் பக்கத்துல உக்காரு."

நாற்காலி இழுபடும் சத்தம். அக்கா ஏதோ மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். நான் துண்டித்துவிட்டேன். கீழே இறங்கி வந்து செலின் வைத்திருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். என் டைரியில் அன்றைய பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.